உயிரோடு இருக்கும் புழுவும் செத்துப்போகும் புழுவும்: பூச்சி, வீக்கம், காய்ச்சல் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. பர்மாவில் பெகு பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இரத்த ஸ்லைடு பார்த்த லேப் ஆள். கண் மங்கி மைக்ராஸ்கோப்பை விட்டாயிற்று, கேள்விகள் மட்டும் என்னை விடவில்லை. யானைக்கால் மாத்திரை கொடுக்கும் நாளில் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தால் போதும், வரிசையில் நிற்கிறவர்கள் "சயா (ஐயா), ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே கேள்வியை இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

அழற்சி, அழற்சி என்கிறீர்களே, அது ஒரு வியாதியா?

வியாதி இல்லை, உடம்பு பார்க்கும் வேலை. காலில் முள் ஏறின இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டால் வலிக்கிறதே, அதுதான் அழற்சி. அந்த இடத்து இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்க, வெள்ளை அணுக்கள் வெளியே இறங்கி வந்து கிருமியை விழுங்கும். வேலை முடிந்ததும் அவை கலைந்துவிட வேண்டும். மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டால், காக்க வந்த கூட்டமே நம் சதையையும் குழாயையும் தழும்பாக்கிவிடும்.

பாக்டீரியாவை ஓர் அணு விழுங்கிவிடலாம். ஒரு அடி நீளத்துக்கு வளரும் நாக்குப்பூச்சியை எந்த அணு விழுங்கும்? அதனால் புழுவுக்கென்று உடம்பு தனி வழி வைத்திருக்கிறது. அந்த வழியைத் தடுக்கப் புழுவும் தனி வித்தை வைத்திருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இரத்தத்தில் யானைக்கால் புழு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆள் திடமாக வயலுக்குப் போய் வருகிறார், காலில் துளி வீக்கம் இல்லை. ரிப்போர்ட் தப்பா?

தப்பில்லை அக்கா. என் வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான்.

அந்தக் காலத்தில் இராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இரத்தம் எடுப்போம். வீட்டு வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, தூக்கத்தில் இருப்பவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி ஸ்லைடில் சொட்டு விடுவோம். இந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் குழாய்களில் பதுங்கியிருக்கும். இராத்திரி கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரம் பார்த்து மேல்தோல் இரத்தத்துக்கு வரும். சாயம் போடுவதற்கு முன்னால் பச்சை இரத்தத்தை அப்படியே லென்சுக்கு அடியில் வைத்தால், முதலில் புழு தெரியாது. சிவப்பு அணுக்கள் ஓரிடத்தில் மட்டும் தள்ளாடும், கூட்டத்துக்குள் யாரோ இடித்துக்கொண்டு போகிற மாதிரி. அங்கேயே கண்ணை வைத்திருந்தால் கால் மில்லிமீட்டர் நீளத்தில் நூல் போல ஒன்று நெளிந்துகொண்டு போகும்.

சில சமயம் ஒரே ஸ்லைடில் ஐம்பது, அறுபது எண்ணியிருக்கிறேன். அந்த ஆளை நேரில் பார்த்தால் மூட்டை தூக்குகிற வாலிபனாக இருப்பான். பக்கத்து வீட்டிலேயே கால் தூண் மாதிரி வீங்கிய பெரியவர் இருப்பார். அவருடைய ஸ்லைடைக் கண் வலிக்கத் தேடினாலும் ஒரு குஞ்சு இருக்காது. ஆரம்பத்தில் பேர் மாறிப்போச்சோ என்று சந்தேகப்பட்டுத் திரும்ப எடுத்ததுண்டு. பேர் மாறவில்லை, உலகம் முழுக்க இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் அந்த வாலிபனின் உடம்பு புழுவோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டதுதான். இரத்தத்தில் குஞ்சு இருப்பவர்களுக்கு அழற்சியை அடக்கும் இண்டர்லூக்கின்-10 என்ற சரக்கு கூடுதலாக இருக்கும். ஆர்ப்பாட்டம் செய்யாத வகை எதிர்ப்பொருளான ஐ.ஜி.ஜி-4 ஏகத்துக்கு இருக்கும். கால் வீங்கியவருடைய உடம்பு அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு சண்டைக்கு இறங்கிய உடம்பு. புழு போயிருக்கலாம், ஆனால் சண்டை நடந்த நிணநீர்க் குழாய்கள், அதாவது சதையில் கசிந்த நீரைத் திரும்ப மேலே கொண்டுபோகும் குழாய்கள், பாழாகிக் கிடக்கும்.

வீக்கம் இல்லை என்பதால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் ஆறிலிருந்து எட்டு வருஷம் வரை உயிரோடு இருக்கும். நான்கு விரற்கடை நீளத்துக்கு வளரும். அது இருக்கிற இடத்தில் குழாய் சத்தமில்லாமல் விரிந்துகொண்டே போகும். அதனால் உங்கள் வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கட்டும்.

ஒரே கொசுக்கடியில் யானைக்கால் வந்துவிடுமா?

வராது. ரங்கூனிலேயே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1960களில் உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஆராய்ச்சிப் பிரிவு ரங்கூனில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹேர்ஸ்டன், டி மெய்லன் இருவரும் 1968இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒருவர் உடம்பில் குஞ்சு பொரிக்கும் அளவுக்குத் தொற்று நிலைப்பதற்கு, நோய்க்குஞ்சு சுமக்கும் கொசு ஏறத்தாழ 15,500 முறை கடிக்க வேண்டும் என்றது அது. சாக்கடை ஓரத்தில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவனுக்கு வருவதும், திருவிழாவுக்கு ஊர் வந்து போகிறவனுக்கு வராததும் இதனால்தான். சிறு வயதிலிருந்து இத்தனை ஆயிரம் தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் புழுச் சரக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் உடம்பும் பழகித்தானே போகும்.

புழு அப்படி என்னதான் செய்து உடம்பை அடக்குகிறது?

அது சும்மா ஒளிந்துகொண்டு இருப்பதில்லை. வாயாலும் தோலாலும் எந்நேரமும் ஏதாவது சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சுரப்புக்குள்தான் வித்தை எல்லாம்.

எலிக்குடலில் வாழும் ஒரு புழுவை வைத்து இதை நன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் உடம்பில் டிஜிஎஃப்-பீட்டா என்று ஒரு புரதம் உண்டு. "போதும், நிறுத்து" என்று வெள்ளை அணுக்களுக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆராய்ச்சியாளர் ரிக் மெய்செல்ஸின் குழு 2017இல் கண்டுபிடித்தது என்னவென்றால், இந்த எலிப்புழு அதே வேலையைச் செய்யும் ஒரு போலிப் புரதத்தைத் தானே தயாரிக்கிறது. உருவத்தில் அசலுக்கும் போலிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அசலுக்காக இருக்கிற பூட்டில் போலியும் சரியாகப் பொருந்தித் திறக்கிறது. கள்ளச்சாவி போட்டவுடன் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி அடக்கும் வகையாக மாறிவிடுகிறது. பிறகு மற்ற செல்களை அடக்கும் வேலையை நம் உடம்பே புழுவுக்காகச் செய்து கொடுக்கிறது.

அதே புழு இன்னொன்றும் செய்கிறது. குடல் சுவர் காயப்பட்டால் அங்கே உள்ள செல்கள் இண்டர்லூக்கின்-33 என்ற அபாயச் சங்கை ஊதும். புழுவின் இன்னொரு புரதம் அந்தச் சங்கையே அடைத்துவிடுகிறது. கொக்கிப்புழுவுக்கு வேறு கவலை. அது குடலைக் கடித்து இரத்தம் குடிக்கிற ஜாதி. கடித்த இடத்தில் இரத்தம் உறையக் கூடாது, வெள்ளை அணு வந்து மொய்க்கவும் கூடாது. நாயின் கொக்கிப்புழுவில் இரண்டுக்கும் தனித்தனி மருந்து இருப்பதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

புழுவுக்கு நம்மேல் இரக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டுக்காரன் செத்தால் குடித்தனக்காரனுக்கும் கூரை போய்விடும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் நம் உடம்பு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறதா?

இல்லை. குடல் உட்சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குஞ்சம் வைத்த செல்கள் இருக்கின்றன. நாக்கில் சுவை அறியும் செல்லுக்கு அவை பங்காளி முறை. புழு வந்திருப்பதை முதலில் மோப்பம் பிடிப்பவை அவைதான் என்பது 2016இல்தான் உறுதியானது. அவை கொடுக்கும் தகவலால் சளி சுரக்கும் செல்கள் பெருகும், குடல் தசை வேகமாகச் சுருங்கும், ஈசினோபில் என்ற வெள்ளை அணு இரத்தத்தில் கூடும். வழுக்கித் தள்ளி வெளியேற்றுகிற முறை இது. எரித்துச் சாம்பலாக்குகிற முறை இல்லை. புழு குடைந்த புண்ணை ஆற்றுவதும் இதே கூட்டம்தான். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் கூடியிருந்தால் டாக்டர் முதலில் "பூச்சி மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பது இதனால்தான். அலர்ஜியிலும் அதே அணு கூடும். அந்தக் குழப்பம் பின்னால் வருகிறது.

யானைக்கால் மாத்திரை போட்ட அன்று இராத்திரியே காய்ச்சல், தலைவலி, விரையில் வலி. மாத்திரை கெட்டுப்போனதா?

வருஷா வருஷம் வருகிற சண்டை இது. பர்மாவில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் 2001இல் தொடங்கியது, அன்றிலிருந்து கேட்கிறேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த வருஷம் அந்தத் தெருவே மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வாழை மரத்தடியில் போட்டுவிடும்.

மாத்திரை கெடவில்லை. புழு செத்துக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருந்தவரை உங்களை அமைதிப்படுத்தி வைத்திருந்த சரக்கு நின்றுபோகிறது. அதோடு இந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. புழு வளரவும் குஞ்சு போடவும் அந்தப் பாக்டீரியா வேண்டும். புழு செத்து உடைந்ததும் அதுவும் இரத்தத்தில் கொட்டும். புழுவைக் கண்டு ஏமாந்த உடம்பு பாக்டீரியாவைக் கண்டு ஏமாறாது, உடனே காய்ச்சல் ஏற்றிவிடும். குஞ்சு நிறைய இருந்தவருக்கு உபத்திரவம் கூடுதல், இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விரையிலோ தொடை இடுக்கிலோ சின்னக் கட்டி மாதிரி உருண்டால், தாய்ப்புழு செத்த இடம் அது.

பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் நிறையக் குடித்துப் படுத்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் அதற்கு மேல் நீடித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்குப் பத்து வருஷமாகக் கால் வீக்கம். மாத்திரை எத்தனை போட்டும் இறங்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை குளிர்காய்ச்சல் வேறு.

பர்மியரும் இதை யானைக்கால் என்றுதான் சொல்கிறார்கள். 'சின்' என்றால் யானை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் நோய் எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை புழுவுக்கும் குஞ்சுக்கும்தான். அம்மாவின் காலில் இப்போது புழு இல்லாமலே இருக்கலாம். குழாய் கெட்டதால் நிணநீர் மேலே ஏறாமல் தேங்குகிறது. தேங்கிய நீர் பாக்டீரியாவுக்குப் பந்தி வைத்த மாதிரி. விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெடித்தால் அந்த வழியாகக் கிருமி நுழையும். கால் சிவந்து கொதிக்கும், தொடையில் நெறி கட்டும், குளிர் நடுங்கும். அமாவாசையில் வருகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் விரல் இடுக்கில் வெடிப்பு இருக்கிற நாளில்தான் வந்தது. ஒவ்வொரு காய்ச்சலும் கொஞ்சம் தழும்பை விட்டுப்போகும், அடுத்த முறை கால் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். அந்தச் சுழலை நிறுத்துவதற்குச் சோப்பு போதும் என்றால் யாரும் நம்புவதில்லை.

செய்ய வேண்டியது இது. தினம் ஒரு நேரம், அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவை உயரமான பலகையில் உட்கார வையுங்கள். சுத்தமான தண்ணீர், வெந்நீர் வேண்டாம். சாதாரணக் குளியல் சோப்பு. முழங்காலில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து உள்ளே கழுவ வேண்டும், அங்கேதான் அழுக்கு தங்கும். விரல் இடுக்குக்குக் கை நுழையாது. பழைய லுங்கித் துணியைத் துவைத்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, இடுக்கில் விட்டு மெதுவாக இப்படியும் அப்படியும் இழுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை செய்யலாம். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இடுக்கு முழுக்க உலர வேண்டும், பாதி வேலை அதுதான். வெடிப்பு இருந்தால் டாக்டர் சொன்ன களிம்பு. உட்காரும்போது காலை முக்காலியில் தூக்கி வையுங்கள், படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை. குதிகாலை மேலும் கீழும் அசைக்கட்டும். வீட்டுக்குள்ளேயும் செருப்பு.

கால் பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் குறையும், நாற்றம் போகும், தோல் மிருதுவாகும், கோயிலுக்கு வந்து நாலு பேரோடு உட்கார முடியும். காய்ச்சல் கண்ட அன்று மட்டும் காலை அழுத்திப் பிடிக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ கூடாது. அன்றைக்கு வேண்டியது ஆன்டிபயாட்டிக். விரைவீக்கம் என்றால் கதை வேறு, அதற்கு ஆப்பரேஷன் உண்டு, குணமாகும். வெட்கப்பட்டு லுங்கிக்குள் மறைத்தே காலம் தள்ளிய ஆண்கள் நம்மில் எத்தனை பேர்!

தம்பிக்கு இராத்திரி மட்டும் இருமலும் இழுப்பும். டிபி என்று பயந்தோம், சளியில் கிருமி இல்லை. ஈசினோபில் மட்டும் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது.

யானைக்கால் புழுவின் இன்னொரு முகமாக இருக்கலாம். சிலருடைய உடம்பு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. குஞ்சு நுரையீரலுக்குள் வந்தவுடனே மொத்தப் படையையும் இறக்கிவிடும். குஞ்சுகள் அங்கேயே அழியும், அதனால் இரத்தத்தில் ஒன்றுகூடத் தெரியாது. நுரையீரல்தான் அழற்சியில் வேகும். எக்ஸ்ரேயில் பொடிப் புள்ளிகள் தெரிவதால் டிபி என்று மயங்குவார்கள். ஆந்திராவின் மதனப்பள்ளி டிபி ஆஸ்பத்திரியில் பிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் இதை முதலில் விவரித்ததே, டிபி மாதிரி இருந்தும் டிபி இல்லாத நோய் என்றுதான். யானைக்காலுக்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் இருமல் அடங்கும். விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பாகும்.

சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரம், பத்து நாள் வறட்டு இருமல் வந்து தானாகப் போனால் நாக்குப்பூச்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய முட்டை குடலில் பொரித்து, குஞ்சு நுரையீரல் வரை ஒரு சுற்றுப் போய், தொண்டைக்கு ஏறி, திரும்ப விழுங்கப்பட்டுத்தான் வயிற்றில் குடியேறும். அந்தப் பிரயாணத்தின் இருமல் அது.

புழு இருந்தால் ஆஸ்துமா, அலர்ஜி எல்லாம் வராதாமே? ரங்கூன்காரப் பிள்ளைகளுக்குத்தான் தும்மல், எங்களுக்கு இல்லை என்கிறார் எங்கள் மாமா.

மாமா சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. அண்ணன் தம்பி நிறைய உள்ள வீட்டில் மூக்கு அலர்ஜி குறைவு என்று ஸ்ட்ராச்சன் என்பவர் 1989இல் எழுதிய நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பைப் புழு இருந்தவர்களுக்குத் தூசுப்பூச்சி அலர்ஜி தோல் சோதனையில் குறைவாக இருந்தது, இண்டர்லூக்கின்-10 கூடுதலாக இருந்தது. உகாண்டாவில் கர்ப்பிணிகளுக்கு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை கொடுத்தபோது பிறந்த பிள்ளைகளுக்கு எக்சிமா என்ற தோல் அரிப்பு கூடியது. அர்ஜென்டினாவில், உடம்பின் காவலே நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் 12 பேருக்குப் புழு தொற்றியது. அவர்களுக்கு நோய் ஏறக்குறைய நின்றே போனது. பிறகு நான்கு பேருக்குப் புழு மாத்திரை கொடுக்க வேண்டி வந்தது, நோயும் திரும்பி வந்தது.

ஆனால் எல்லாப் புழுவும் ஒன்றில்லை. 2006இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கொக்கிப்புழு இருந்தவர்களுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்தது, நாக்குப்பூச்சி இருந்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு எந்தப் புழு இருக்கிறது என்று மாமா பார்த்தாரா?

வெளிநாட்டில் புழு முட்டையை மருந்தாகக் குடிக்கிறார்களாமே?

குடித்தார்கள். பன்றியின் சாட்டைப்புழு முட்டை. மனிதக் குடலில் அது நிலைத்து வாழாது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் அயோவாவில் குரோன் என்ற குடல் அழற்சி உள்ள 29 பேருக்கு ஒவ்வொரு முறையும் 2,500 முட்டை கொடுத்துப் பார்த்ததில் முக்கால்வாசிப் பேருக்குமேல் நல்ல குணம் தெரிந்ததாக 2005இல் எழுதினார்கள். எனக்கும் அதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த 29 பேருக்கும் தாங்கள் என்ன குடிக்கிறோம் என்று தெரியும். பிறகு பெரிய அளவில், யாருக்கு முட்டை, யாருக்கு வெறும் தண்ணீர் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. மூக்கு அலர்ஜிக்கும் உதவவில்லை. இப்போது பலரும் புழுவை விட்டுவிட்டு, அது சுரக்கும் போலிப் புரதத்தை மட்டும் மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கொக்கிப்புழுவால் சோகை பிடித்து வெளுத்துப்போன கர்ப்பிணிகளைப் பார்த்தவன், புழு நல்லது என்று யார் சொன்னாலும் ஒரு அடி பின்னால்தான் நிற்பேன்.

சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கொழுப்புக்குள் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாது. புழு அதையும் அடக்குமா என்று சென்னையில் பார்த்தார்கள். 2010இல் வந்த ஆய்வு அது. சர்க்கரை இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு யானைக்கால் புழு இருந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்களில் 5.7 சதவீதம்தான். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் புழு இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தபோது இன்சுலின் வேலை சற்றுக் குறைந்தது. கொஞ்சம்தான். அதற்காகப் புழுவை வளர்க்க வேண்டியதில்லை, சோற்றைக் குறைத்தாலே அதைவிடப் பலன்.

மூட்டு வலிக்குக் கடையில் பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. அதற்கும் புழுவுக்கும் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பேர் இல்லாத அந்தப் பொட்டலத்தில் நான்கைந்து நிறத்தில் மாத்திரை இருக்கும். ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு, டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ. அது அழற்சியை ஒரேயடியாக அடக்கும், அதனால்தான் மறுநாளே மூட்டு மடங்குகிறது. பசி எடுக்கும், முகம் உப்பும், "உடம்பு தேறிவிட்டது" என்பார்கள். எனக்கு வேண்டிய ஓர் அத்தையும் அப்படித்தான் எட்டு மாதம் சாப்பிட்டார், ஒரு கடைக்காரர் கொடுத்தது. ஒருநாள் வயிறு உப்பி, மூச்சு முட்டி, காய்ச்சலோடு கொண்டுபோனார்கள். அவருடைய சளியை நான்தான் பார்த்தேன். சளியில் புழுக்குஞ்சு நெளிந்தது. இராத்திரி இரத்தத்தில் இருக்க வேண்டிய குஞ்சு இல்லை அது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ், மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் குடற்புழு.

மற்றக் குடற்புழு பெரும்பாலும் முட்டையை வெளியே அனுப்பும், வந்த புழு வயதாகிச் சாகும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குடலுக்குள்ளேயே குஞ்சாகி, வெளியே போகாமலே திரும்ப உடம்புக்குள் நுழைந்துவிடும். ஒரு தடவை ஏறினால் ஆயுசுக்கும் இருக்கும். எவ்வளவு காலம் என்பதற்குச் சாட்சி நம் பக்கத்துச் சயாம் மரண ரயில். உலகப் போரின்போது 1942, 43இல் ஜப்பான்காரன் தாய்லாந்திலிருந்து இங்கே தன்பியூசயாட்டுக்குப் போட்ட அந்தத் தண்டவாளத்தில் தமிழன், பர்மியன், வெள்ளைக்காரச் சிறைக்கைதி எல்லோரும் செருப்பில்லாத காலோடு சேற்றில் நின்றார்கள். அந்தப் பிரிட்டிஷ் சிப்பாய்களை லிவர்பூல் டாக்டர்கள் முப்பது, நாற்பது வருஷம் கழித்துப் பரிசோதித்தபோது புழு இன்னும் உயிரோடு இருந்தது. நடுவில் அவர்கள் வெப்ப நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை.

இத்தனை வருஷமும் அது பெருகாமல் இருந்ததற்குக் காரணம் உடம்பின் காவல். ஈசினோபிலும் மற்றக் கூட்டமும் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும். ஸ்டீராய்டு அந்தக் காவலைக் கலைத்துவிடும். ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் குடலைத் துளைத்து நுரையீரல், கல்லீரல், மூளை என்று போகும். குடலில் உள்ள பாக்டீரியாவையும் கூடவே இழுத்துப் போகும். அந்த நேரத்தில் இரத்தத்தில் ஈசினோபில் கூடியிருக்கவும் செய்யாது, அதனால் யாரும் புழுவை நினைப்பதில்லை. அத்தை பிழைக்கவில்லை.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கும் இன்னும் பல நோய்க்கும் அது உயிர் காக்கும். நாட்கணக்கில் சாப்பிட வேண்டி வந்தால், "முதலில் இந்தப் புழுவுக்குப் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். வயலில் வெறுங்காலோடு வேலை செய்திருந்தால் கட்டாயம் கேளுங்கள். இடுப்பிலோ புட்டத்திலோ அரிப்போடு ஒரு கோடு எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில மணி நேரத்தில் இடம் மாறிப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். இதற்கு மருந்து ஐவர்மெக்டின். பள்ளிக்கூடத்தில் ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்குப் போதாது. இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஸ்டீராய்டை டக்கென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

பன்றிக்கறி சாப்பிட்டால் வலிப்பு வருமா?

வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும். வலிப்பு வருவது அந்த ஆளின் மலத்தில் போன முட்டை யார் வாயிலாவது போனால். கீரை, தண்ணீர், கழுவாத கை வழியாகப் போகும், சைவக்காரருக்கும் வரும். முட்டை மூளையில் நீர்க்கட்டியாக உட்காரும். உயிரோடு இருக்கும்வரை பல வருஷம் மூச்சுக் காட்டாது. கட்டி சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீங்கி வலிப்பு வரும். இங்கே டாக்டர் புழு மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்தே கொடுப்பார், சாகிற கட்டியின் வீக்கத்தை அடக்குவதற்கு. அதே ஸ்டீராய்டுதான். அதனால்தான் எந்தப் புழு என்று தெரியாமல் எதையும் விழுங்கக் கூடாது என்கிறேன்.

பச்சை மீன்?

ஆற்று மீனைப் பச்சையாகவோ அரைகுறையாகப் புளிக்க வைத்தோ தின்றால் கல்லீரல் தட்டைப்புழு வரும். தாய்லாந்து, லாவோஸ் பக்கம் ரொம்ப. கீழ்ப் பர்மாவிலும் கண்டிருக்கிறார்கள். பித்தக் குழாயில் பல வருஷம் அழற்சி நீடித்தால் அங்கே புற்று வைக்கும். குழம்பில் கொதித்த மீனுக்குப் பயமில்லை.

வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும் போதாதா?

மாதம் ஒரு தடவை பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிய விளக்கெண்ணெயின் நாற்றம் எனக்கு இன்னும் தொண்டையில் இருக்கிறது. பேதியோடு ஒன்றிரண்டு வெளியே வரும், மிச்சம் உள்ளேயே இருக்கும். பிடித்திருந்தால் வேப்பங்கொழுந்து மெல்லுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் பர்மாப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபது பேர் அளவுக்குப் புழு இருந்தது. பத்து வருஷத்தில் இருபது சொச்சமாக இறங்கியது பள்ளிக்கூடத்தில் கொடுத்த மாத்திரையால்தான்.

யாருக்கு எவ்வளவு? யார் போடக் கூடாது?

குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை. ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பாதி, நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் வாயில் முழு மாத்திரையைத் திணிக்காதீர்கள், புரையேறும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வேண்டாம். யானைக்கால் மாத்திரையை இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளையும், கர்ப்பிணியும், படுத்த படுக்கையாக இருப்பவரும் தவிர எல்லோரும் போடலாம், வீக்கம் இல்லாதவரும்தான். பர்மியக் கடையில் 'தன்ச்சா சே' என்று கேட்டால் குடற்புழு மாத்திரை எடுத்துத் தருவார்கள்.

மாத்திரை போட்டேன், மலத்தில் ஒன்றும் வரவில்லை. வேலை செய்யவில்லையா?

நாக்குப்பூச்சி இருந்தால் கண்ணில் படும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான், கலைந்து போய்விடும், யாரும் பார்ப்பதில்லை. ஒன்றும் வரவில்லை என்று இரண்டாவது மாத்திரையை மறுநாளே போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சின்ன டப்பாவில் மலம் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போங்கள். காலையில் எடுத்தது, அன்றைக்கே. முந்தின நாள் எடுத்ததைத் தேயிலை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தவர்கள் உண்டு.